தேவராஜன் சார் கூட்டிய அவசரப் பொதுக்குழு

தேவராஜன் சார் காலமானார் என்ற செய்தி எங்கள் வைட்ஃபீல்டு அடுக்ககத்தின் பராமரிப்பு வாட்ஸாப் குழுவில்தான் வந்தது. தண்ணீர் லாரி தாமதமாகும் என்ற அறிவிப்புக்கும் லிஃப்ட் ஓடவில்லை என்ற புகாருக்கும் நடுவில் கிடந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அவசரத்தில் அதற்கும் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போயிருந்தார். சார் இருந்திருந்தால், துக்கச் செய்திக்குத் தனிக் குழு இருக்கும்போது இதை ஏன் இங்கே போட்டீர்கள் என்று ஆட்சேபம் எழுப்பியிருப்பார். அலுவலகக் கூட்டத்தின் நடுவே மைக்கை அணைத்துவிட்டு அழுதேன். அழும்போதே சிரிப்பும் வந்து தொலைத்தது.

அவர் எங்கள் உரிமையாளர் சங்கத்தின் தலைவர். பல தலைமுறைக்கு முன் ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்து பெங்களூரில் வேர்விட்ட குடும்பம். கர்நாடக அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார், நடுவில் மூச்சுகூட விடமாட்டார். திருப்பத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்த நான், போதாத காலம், அவருக்குக் கீழே இணைச் செயலாளர்.

கூட்டம் என்றால் அவருக்கு உயிர். முதல் கூட்டத்திலேயே லிஃப்டைப் பற்றிக் கேட்க எழுந்தேன். "ஸ்வல்ப உக்காரும்மா பானு. போன கூட்டத்து மினிட்ஸ் இன்னும் பாஸ் ஆகல. அது ஆகாம லிஃப்டைப் பத்திப் பேசினா, லிஃப்டே ஓடினாலும் செல்லாது" என்றார். கோரம், அதாவது போதிய ஆள், சேராவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைத்து, பிறகு இருப்பவர்களை வைத்து நடத்தலாம் என்பது எங்கள் சங்க விதி. எல்லாக் கூட்டமும் அப்படித்தான் நடந்தது. அவர் இருப்பார், நான் இருப்பேன், பொருளாளர் தூங்குவார். "தாலி கட்டறதுக்கு முன்னாடியே மண்டபத்துல கோரம் இருக்கான்னு எண்ணிப் பாத்த மனுஷன்மா இவரு" என்பார் அவர் மனைவி சரோஜா அம்மா.

போன வருடம், அனுமதியில்லாமல் குடியேறிய வெளிநாட்டவரைப் பிடிக்கும் சோதனை எங்கள் பகுதிக்கு வந்தது. அடுக்ககத்தின் பின்னால் தகரக் கொட்டகைகளில் வங்காளம் பேசும் குடும்பங்கள் இருந்தன. எங்கள் வீடுகளில் பாத்திரம் துலக்குவது, சமைப்பது, குழந்தை பார்ப்பது எல்லாம் அவர்கள்தான். வங்காளம் பேசினால் வங்கதேசம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். மேற்கு வங்காளம் என்று ஒன்று நம் நாட்டுக்குள்ளேயே இருப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வண்டியில் ஏற்றப்பட்டவர்கள் திரும்பிவரப் பல நாளாயிற்று. சிலரை எல்லைக்கே கொண்டுபோய்விட்டதாகப் பேச்சு.

சரோஜா அம்மா வீட்டில் வேலை செய்த சபீனாவுக்கு மேற்கு வங்காளத்தில் மால்டா பக்கம். ஆதார் இருந்தது, அது போதாது என்றார்கள். பிறப்புச் சான்று ஊரில் மாமியாரிடம் இருந்தது. மகள் இங்கே கன்னடப் பள்ளியில் படிக்கிறாள். சபீனாவை ஏற்றிக்கொண்டு போனால் அந்தக் குழந்தை பள்ளி விட்டு யாரிடம் வரும்?

ஒரு நாள் காலை போலீஸ் வண்டி எங்கள் வாசலுக்கே வந்தது. சபீனாவும் இன்னும் சில பெண்களும் அதற்குள் உள்ளே வந்துவிட்டிருந்தார்கள். சார் வீட்டுச் சமையலறையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். "சாச்சா, என் பொண்ணு ஸ்கூல்ல இருக்கு" என்பதைத் தவிர சபீனாவுக்கு வேறு பேச்சு வரவில்லை. சாரைச் சித்தப்பா முறை வைத்துச் சாச்சா என்றுதான் கூப்பிடுவாள். மற்ற வேலைக்காரப் பெண்கள் யாரும் வரவில்லை.

சார் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் கீழே இறங்கினார். "பன்னி சார், கூத்கொள்ளி" என்று காவல் அதிகாரியைக் கன்னடத்தில் வரவேற்று உட்காரச் சொன்னார். எழுத்தில் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை.

"பரவால்ல சார். ஆனா இது எல்லா உரிமையாளருக்கும் பொதுவான இடம். நான் ஒருத்தன் சரின்னு சொல்ல எனக்கு அதிகாரமே கெடையாது. அவசரப் பொதுக்குழு கூட்டிடறேன். நீங்கதான் சிறப்பு அழைப்பாளர்" என்று கன்னடத்தில் தேனாகச் சொன்னார்.

சங்கத்தின் சரித்திரத்தில் முதல்முறையாக அரங்கம் நிரம்பியது. வேறு வழி? எல்லார் வீட்டுத் தொட்டியிலும் எச்சில் பாத்திரம் குவிந்து கிடந்தது. அதிகாரியை மேடையின் நடுநாற்காலியில் உட்காரவைத்து, கையில் காபியையும் கொடுத்தாயிற்று. இனி எழுந்து போவதென்றால் இத்தனை பேர் முன்னால் போக வேண்டும். சார் தொண்டையைக் கனைத்து, போன கூட்டத்து மினிட்ஸை வாசிக்கச் சொன்னார்.

மினிட்ஸில் கழிவுநீர் நாற்றம் இருந்தது. நாற்றம் ஏ பிளாக்கில் ஆரம்பிக்கிறதா, சி பிளாக்கிலா என்று சண்டை மூண்டது. அது ஓயும்போது, மேடையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு காவல் அதிகாரி என்பது எங்கள் ஆட்களுக்கு உறைத்தது. கையில் சிக்கிய அதிகாரியை விடுகிற ஜனமா நாங்கள்? எதிர் பாரில் பாட்டுச் சத்தம், தண்ணீர் லாரி தப்பான பக்கத்தில் வருவது, தன் இடத்தில் அடுத்தவர் கார் நிறுத்துவது என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் கைப்பேசியில் படத்தோடு மேடைக்கே ஏறிவிட்டார்.

"சார், நான் வந்த விஷயம்..." என்றார் அதிகாரி.

"வருது சார், வருது. அஜெண்டாவுல கடைசி ஐட்டம்."

அப்போதுதான் பி பிளாக்காரர் ஒருவர் எழுந்து, "எதுக்கு இவ்ளோ ரகளை? கூட்டிட்டுப் போகட்டும். நாம வேற ஆள் வெச்சுக்கலாம்" என்றார்.

சார் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "ஆளை மாத்தறதுக்கு அவ என்ன பல்பாய்யா? உன் கொழந்தை ஜுரத்துல கெடந்தப்ப நீ ஆபீஸ்ல இருந்தே, மடியில வெச்சுக்கிட்டிருந்தது யாரு?" குரல் உடைந்துவிட்டது. பி பிளாக்காரர் உட்கார்ந்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதையும் மினிட்ஸ்ல ஏத்தும்மா" என்றார்.

மதியச் சாப்பாட்டு வேளையும் தாண்டியது. அதிகாரி எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். "சாக்கு ஸ்வாமி, போதும். பேப்பர் எடுத்துட்டு நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க!"

"இதைத் தீர்மானமா எடுத்துக்கலாமா?" என்றார் சார். கைகள் அத்தனையும் உயர்ந்தன.

மறுநாள் ஒவ்வொரு பெண்ணோடும் அவள் வேலை செய்யும் வீட்டார் கிளம்பினோம். ஃபிளாஸ்க், மடக்கு நாற்காலி, வக்கீல் ஒருவர் சகிதம் கல்யாண கோஷ்டியாகப் போய் இறங்கினோம். மால்டாவிலிருந்து சான்றிதழ்களின் படங்கள் கைப்பேசியில் வந்திருந்தன. சார் நாற்காலியைப் பிரிப்பதைப் பார்த்ததுமே அதிகாரி கடகடவென்று வேலையை முடித்து அனுப்பினார். பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே சபீனா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வேண்டுமென்றுதான் இழுத்தடித்தீர்களா என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "மினிட்ஸ் பாஸ் ஆகாம அடுத்த ஐட்டத்துக்கு எப்படிம்மா போறது?" என்று முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொல்வார். ஆனால் கொட்டகைக் குடும்பங்களில் பாதி அந்த வாரமே பயந்து ரயிலேறிவிட்டன. அந்தக் காலி இடத்தைப் பால்கனியிலிருந்து பார்த்தபடி, "நம்ம கேட்டுக்குள்ள மட்டுந்தாம்மா கூட்டம் கூட்ட முடிஞ்சுது" என்றார்.

முச்சந்தியில் காவல் வண்டி நிரந்தரமாக நிற்கத் தொடங்கியது. தப்பி வந்த பிறகும் சபீனா அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கொட்டகையிலிருந்து பின்சந்து வழியாகச் சுற்றித்தான் வேலைக்கு வருவாள். "உன் பேப்பரெல்லாம் சரியா இருக்கு, நேரா வாம்மா" என்று சார் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவள் தலையாட்டிவிட்டு மறுபடி சந்து வழியாகவே வந்தாள்.

சார் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழவில்லை. மறுநாள் எடுத்தோம். பெண்கள் முச்சந்தி வரை போய்த் திரும்புவது எங்கள் வழக்கம். சரோஜா அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவருடைய மற்றொரு கையைப் பிடித்திருப்பது யார் என்று முச்சந்தியில்தான் பார்த்தேன். சபீனா. முக்காடு தோளில் விழுந்து கிடக்க, தன் மொழியில், தெருவே கேட்கும்படி சாச்சா சாச்சா என்று கதறினாள். வண்டியிலிருந்த காவலர்கள் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். அவள் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு அதே தெரு வழியாக எங்களுக்கு முன்னே நடந்துவந்து, வாளியை எடுத்து வீட்டைக் கழுவ ஆரம்பித்தாள்.

சார், அவள் நேர் வழியில் வந்துவிட்டாள். நீங்கள் நிம்மதியாகப் போகலாம்.