கோர்ட் வராந்தாவில் மாஜி மாப்பிள்ளையின் பட்டு வியாபாரம்

அத்தி வரதர் குளத்தைவிட்டு வெளியே வந்த வருஷம் என் மகளுக்கு விவாகரத்து. அன்று மாப்பிள்ளை கூலி நெசவாளி. பேரனுக்கு ஜீவனாம்சமும் அதற்கேற்ற சொற்பம்தான்.

இப்போது அந்தத் தொகையைக் கூட்டித் தரச் சொல்லி மனு போட்டோம். "இன்னும் கூலிக்குத்தான் நெய்யறேன்" என்றான்.

இன்று கோர்ட் வராந்தாவில் எங்கள் புது வக்கீலம்மா போனில் கல்யாணப் புடவை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் பக்கம் என்று தெரியாமல் அவன் அருகில் ஓடி வந்தான்.

"மேடம், நம்ம கடைக்கு வாங்க. புரோக்கர் கமிஷனே கிடையாது!"

"கடை உங்களுதா?"

"ஆமா மேடம், சொந்தத் தறியே அஞ்சு ஓடிக்கினு இருக்குது."

உள்ளே வக்கீலம்மா அதை அப்படியே நீதிபதியிடம் சொன்னார். அவனும் ஒப்புக்கொண்டான். தொகை இரண்டு மடங்கு!

நான் சொல்ல, மகள் சிரித்துக்கொண்டே இதைப் போனில் தட்டுகிறாள்.

"இவனுக்கு வாயிலதான் சனி" என்று கல்யாணத்தன்றே சொன்னவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். யாராவது அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்: அவனைப் பெற்ற பட்டம்மாள்.