சிவப்புக் கடை வாசலில் விட்ட செருப்பு

அத்தையை நினைத்தால் ஒரு சிவப்புத் தூண்தான் முதலில் கண்ணுக்கு வருகிறது. தூணின் அடியில் சுவரோடு ஒட்டி ஒரு ஜோடிச் செருப்பு. அந்த நாளுக்கென்றே நைனா வாங்கிக் கொடுத்தது. செருப்புப் போட்டுப் பழகாத கால். ராயபுரத்தில் பஸ் ஏறும்போதே அது கட்டைவிரலைக் கடிக்க, அத்தை நொண்ட ஆரம்பித்துவிட்டாள்.

அத்தை என் நைனாவின் தங்கை. எழுபதுகளின் தொடக்கம் அது. காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. விடியுமுன் போய் ஐஸ் தண்ணீரில் கையை விட்டால் மத்தியானம்தான் எடுப்பாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருக்கும். முப்பது வயதைத் தாண்டிவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் தெருவே எங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் அவள் வாய்விட்டுச் சொன்னாள். "இன்னொரு தபா வேணாம்னு ஒருத்தன் சொன்னான்னு வெச்சுக்கோ, அதோட கல்யாணப் பேச்சே கூடாது. நான் இப்டியே இருந்துட்டுப் போறேன்."

அதனால் திருவொற்றியூர் வரன் வந்தபோது யாருக்கும் தெரியாமல் மவுண்ட் ரோட்டில் பார்ப்பது என்று ஏற்பாடானது. அங்கே ஒரு பெரிய கடை இருந்தது. நாங்கள் சிவப்புக் கடை என்போம். துணி, பிஸ்கோத்து, பாத்திரம், கடிகாரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கும் இடம். சரிப்பட்டு வராவிட்டால் துணி பார்க்கப் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு குழந்தை கூட இருந்தால் சந்தேகம் வராது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அப்படியொரு கட்டடத்தை நாங்கள் மூவருமே அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. சிவப்புச் செங்கல், இரண்டு பக்கமும் கோபுரம், வாசலில் கூம்பிய வளைவுகள். ஜன்னல்களில் எங்கள் மாதா கோயிலில் இருப்பதுபோல் வண்ணக் கண்ணாடி. உள்ளே தரையெல்லாம் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம் சிந்திக் கிடந்தது. அத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதற்கப்புறம் அவளை யாரும் தடுத்திருக்க முடியாது. செருப்பைக் கழற்றித் தூணோரம் வைத்தாள். முந்தானையைத் தலையில் போட்டாள். வாசல் சுவரில் தீர்த்தத் தொட்டியைத் தேடி விரலால் தடவினாள். அது கிடைக்காமல், உள்ளே இரண்டடி வைத்து வலது முழங்காலை மடக்கிச் சிலுவை போட்டுவிட்டாள்.

"ஐயய்யே, இன்னாமே பண்ற? இது கோயில் இல்ல, கடை!" என்று நைனா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

சொல்லி என்ன பிரயோசனம்? பிஸ்கோத்து அலமாரிப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே வந்து நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் தங்கை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். அவருடைய அம்மாவின் முகம் கோணிப்போயிற்று. அத்தை எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "போலாம் வாண்ணா," என்றாள் நைனாவைப் பார்த்து. முடிந்தது கதை என்றுதான் நானும் நினைத்தேன்.

மாப்பிள்ளை அலமாரியை விட்டு நகர்ந்தார். கறுத்து மெலிந்த மனிதர். நேராக எங்களைத் தாண்டி வாசலுக்குப் போனார். தன் செருப்பைக் கழற்றி அத்தையின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு திரும்பி வந்தார். "தரை நல்லா ஜில்லுனு கீது," என்றார். அவ்வளவுதான் பேச்சு. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் சிரித்துவிட்டாள். நிச்சயம் அங்கேயே ஆகிவிட்டது.

வெளியே வந்தால் தூணடியில் ஒன்றும் இல்லை. இரண்டு ஜோடியையும் எவனோ தூக்கிப் போயிருந்தான். உச்சி வெயிலில் தார் கொதிக்க, இருவரும் ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்குத் தாவித் தாவி பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார்கள். அத்தை அன்றைக்குச் சிரித்த மாதிரி பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு எல்லாம் வேலைதான். மாமாவுக்கு எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் இவள் மாட்டிக்கொண்டு இறால் கம்பெனிக்குக் கிளம்புவாள். அந்த வீட்டு வாசலில் இரண்டு ஜோடியும் ஒன்றாய்க் கிடந்தால் அது ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். அந்த ஞாயிறும் பாதி ஓவர்டைமில் போகும். "இன்னொரு தபா அந்தச் சிவப்புக் கடைக்குப் போலாம்யா," என்று அத்தை கேட்பாள். "ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவு வரட்டும்," என்பார் மாமா. ஏய்ப்பதற்காகச் சொன்னதில்லை. உண்மையிலேயே வரவில்லை. பிறகு மாமா இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அந்தக் கடையும் இல்லாமல் போயிற்று. எண்ணிப் பார்த்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது.

போன மாதம் அத்தையைப் புது மால் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். மேலே கப்பல் கவிழ்ந்த மாதிரி ஒரு கண்ணாடிக் கூரை. ஊரே அதைப் படம் எடுக்கிறது. அத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு வாசல் படி ஓரத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"அத்தே, இங்க கழட்ட வேணாம். எல்லாரும் போட்டுகினுதான் போறாங்க."

"தெரியும்டி. நீ போய்ப் பாத்துட்டு வா. நான் செருப்பாண்ட கீறேன். அன்னிக்கி ரெண்டு பேரும் உள்ள போனோம், தூக்கினு பூட்டான்."

காவலாளி எங்களையே பார்த்தான். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது, முட்டி வலி. உள்ளே போய் எதைப் பார்ப்பது? என் செருப்பையும் கழற்றி அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தரை ஜில்லென்று இருந்தது. அத்தை இரண்டு ஜோடியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் இங்கியே குந்திகினா, உள்ள யாருடி போறது?" என்றாள்.

நாங்கள் போகவில்லை.