ஞாயிற்றுக்கிழமை எழுதிய சீட்டு

பழவேற்காட்டுத் துறைமுகத்துக்கு அதிகாரியாக இருந்த அந்த ஒல்லாந்து துரையின் பெயர் என் வாயில் நுழையாது. நெட்டை மனிதர், வெயிலில் தோலுரிந்த மூக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதுகோலைத் தொடமாட்டார். கையெழுத்தும் வேலைதான், அன்றைக்கு அது பாவம் என்பார்.

பஞ்ச காலத்தில் ஒரு ஞாயிறு காலை, ஆள்பிடிக்கிறவர்கள் என் தம்பியை அடிமைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். துரை சீட்டு எழுதினால் இறக்கிவிடுவார்கள். வேதக்கோயில் வாசலுக்கு ஓடிப்போய் அவர் காலில் விழுந்தேன்.

"தொரே, கப்பல்ல பாய் ஏத்துறாங்க. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"இன்னிக்கு ஆண்டவர் நாள்மா. நாளைக்கு மொத வேலையா எழுதறேன்."

"நாளைக்கு அவன் எந்தக் கடல்ல இருப்பானோ!"

அவர் முகம் வெளுத்துப்போனது. உள்ளே பாட்டு தொடங்க, தலைகுனிந்து போய்விட்டார். நான் வாசலிலேயே கிடந்தேன்.

பாதி ஜெபத்தில் எழுந்து வந்தார். சீட்டை எழுதி, என்னோடு கரைக்கு ஓடிவந்தார். கப்பல் அதற்குள் முகத்துவாரத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. சீட்டைத் தூக்கிப் பிடித்துத் தன் மொழியில் தொண்டை கிழியக் கத்தினார். கப்பல் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு மீன் விற்கப் போனேன். வேதக்கோயிலில் பாட்டு கேட்டது. துரையோ அலுவலறைக் கதவைத் திறந்துவைத்துத் தனியே உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"இன்னா வேணும்மா? இன்னா வேணும்னாலும் எழுதித் தரேன்."

ஏழு நாளும் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்கிவைத்தேன்.

"ஒண்ணும் வேணாம் தொரே, உக்காருங்க," என்றேன். அவர் உட்காரவில்லை.