தண்ணிமலைப் படியில் இரண்டு ஸ்டாண்ட்பை

நெட்வொர்க் பார்க்கிற வேலையில் எல்லாம் ஒழுங்காக ஓடினால் நாம் இருப்பதையே மறந்துவிடுவார்கள். இதே வேலையில் என்னைப்போல் அவதிப்படுகிற உங்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்? பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஜெயா அக்காவும் நானும் இந்த வேலையைப் பார்த்தோம், வருஷா வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்டில்.

ஒரே மூளை

அங்கே சுவிட்ச் பெட்டிகளுக்குச் சொந்த புத்தி கிடையாது. எந்தத் தகவல் எந்த வழியில் போக வேண்டும் என்று கன்ட்ரோலர் என்கிற ஒரே கணினிதான் சொல்லும். அது படுத்தால் உற்பத்தி லைனும் படுக்கும். ஒன்று விழுந்தால் மற்றது பிடித்துக்கொள்ள இன்னொரு கன்ட்ரோலர் வேண்டும் என்று மேனேஜர் சவரிமுத்துவிடம் மாதக்கணக்கில் கெஞ்சினோம். சம்மதித்தார், ஆனால் கேட்காமல் விடவில்லை: "ஒரு காடிக்கு எதுக்கு தம்பி ரெண்டு டிரைவரு?"

சோதனை நாள்

புதியதை நான்தான் மாட்டினேன். லைன் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழையதன் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தோம். புதியது உடனே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் சேர்ந்து செத்தது. இரண்டையும் ஒரே பிளக்கில் சொருகியிருந்தது அடியேன் கைங்கரியம்.

அக்கா குனிந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இதுக்குத்தானா அந்த மனுஷன் உயிரை வாங்குன?"

தைப்பூசம்

பிளக்கைப் பிரித்து மாட்டி, ஆட்களுக்கும் ஸ்டாண்ட்பை முறைப்பட்டியல் எழுதினேன். நான் இல்லாவிட்டால் அக்கா, அக்கா இல்லாவிட்டால் நான். தைப்பூசத்தன்று பால்குடத்தோடு தண்ணிமலைக் கோயில் படியேறுகிறேன், எனக்கு முன்னால் பால்குடத்தோடு ஜெயா அக்கா. இருவர் போனும் அடிவாரத்தில். அக்கா திரும்பி, "அப்ப வேலையில யாரு?" என்றார். அக்கா இருப்பார் என்று நானும், நான் இருப்பேன் என்று அக்காவும் லீவு போட்டிருந்தோம். அந்த மாதம்தான் கான்ட்ராக்ட் முடிகிறது. வேண்டுதலைப் பாதியில் விட மனம் வரவில்லை, ஏறி முடித்தோம்.

மறுநாள் சவரிமுத்து எங்களை அறைக்குக் கூப்பிட்டார். முந்தின நாள் பழைய கன்ட்ரோலர் விழுந்திருக்கிறது, புதியது பிடித்துக்கொண்டிருக்கிறது, லைன் நிற்கவே இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவர் சிரித்தபடி சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் இல்லாமலே ஓடுதே, இனிமே ஒருத்தர் போதும்லா."

அந்த ஒருத்தர் ஜெயா அக்கா; என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. நான் வெளியே வந்த பிறகும் லைன் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லையாம், அதைக் கேட்கும்போது வருவது பெருமையா வயித்தெரிச்சலா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.