அம்சவள்ளியின் இடது கால்

அம்சவள்ளி பழைய போர்வை ஒன்றை இரண்டாக மடித்து, ஓரங்களில் கட்டில் நாடாவைக் காதுகளாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக்கு மூன்று காது. ஒவ்வொன்றையும் தைத்து முடித்ததும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். படுக்கையோடு இருக்கும் நோயாளியைப் புரட்டவும் தலைமாட்டுப் பக்கம் ஏற்றவும் இந்தத் துணியை அடியில் விரித்துக்கொள்வோம். கடையிலும் கிடைக்கிறது. அவள் தைப்பது அதைவிட நாள்பட உழைக்கும்.

தரையில் கிடந்த நோட்டீஸ் ஒன்றைக் குனிந்து எடுக்காமல் காலால் என் பக்கம் தள்ளினாள். இடுப்பு இன்னும் சரியாகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜிம். பெண்களுக்கு மாலை ஆறரை முதல் ஏழரை வரை தனி நேரம். மாதம் ஆயிரம். ஆடித் தள்ளுபடியில் வருடத்துக்கு ஆறாயிரம். மூன்று நாள் இலவசமாக வந்து பார்க்கலாம்.

"இன்னாக்கா சொல்ற?"

"நாள் பூரா எண்பது கிலோ ஆளைப் புரட்டிக்கினு இருக்கற. அதுக்கு அவங்க உனக்குக் காசு தர்றாங்க. இங்க நீ காசு குடுத்து இரும்பைத் தூக்கப் போறியா?"

"அதான் நானும் யோசிச்சிக்கினு இருக்கறேன்" என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

வானூர் பக்கம் கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவள் அவள். பதினாறு வருடத்துக்கு முன் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சியில் இருவரும் ஒரே பெஞ்சு. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, அவளுக்கு முப்பத்தொன்று. பொம்மையைக் கட்டிலில் போட்டுப் புரட்டச் சொன்னார்கள். நாங்கள் எல்லாரும் பொம்மையைப் புரட்டினோம். அவள் மட்டும், "அய்யா, திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் புரட்டினாள். வகுப்பே சிரித்தது. தேர்வில் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். அதன் பிறகு ஏழு வீடுகளில் ஏழு பேரைப் பார்த்திருக்கிறாள். ஒருவர் முதுகிலும் படுக்கைப் புண் வந்ததில்லை.

இப்போது பார்ப்பது விழுப்புரத்தில் சக்கரபாணி என்பவரை. மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் செய்தவர். மாடிப்படியில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்ட வேண்டும். சென்ற மாதம் அப்படிப் புரட்டும்போதுதான் அம்சவள்ளிக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லை, தசைதான், பலப்படுத்து என்றார். எப்படி என்று சொல்லவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்வதை அவருடைய மருமகள் கலைப்பிரியா பார்த்துவிட்டாள். "ஆவணி வரைக்கும் பாக்கலாங்க. முடியலன்னா ஆம்பள ஆளா தேடிக்கறோம், தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றாள். தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இடுப்பு பலவீனம் என்ற பேச்சு ஒரு வீட்டில் கிளம்பினால், அடுத்த வீட்டில் யாரும் கூப்பிட மாட்டார்கள். இத்தனை கற்றவள் மறுபடி சித்தாளாகவும் போக முடியாது.

இலவசம்தானே என்று போனோம். நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அஸ்வினி, விக்கிரவாண்டிக்காரி, கபடி ஆடியவள்.

"மொதல்ல இந்த மெஷின்ல பத்து நிமிஷம் நடங்க ஆன்ட்டி."

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்துதாம்மா வர்றேன். அதையே கரண்டு செலவு பண்ணி வேற நடக்கணுமா? அப்புறம், ஆன்ட்டின்னு கூப்பிட்ட, இந்த குண்டு உன் கால்லதான் விழும்."

"சரிக்கா, சரிக்கா" என்று சிரித்துக்கொண்டே, சாய்ந்து உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளும் மெஷினில் அவளை உட்கார வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடையை ஏற்றினாள். அறுபது கிலோ போனது. எண்பதும் போனது. போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் போனை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

"எங்கக்கா பழகினீங்க?"

"இது ஒழுங்கா தண்டவாளத்துல போவுது. நான் புரட்டற ஆளு நடுவுல தும்முவாரு."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆறாயிரம் மிச்சம், இவளுக்கு இது தேவையில்லை என்றும் முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள் அஸ்வினி எடையைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு காலாகத் தள்ளச் சொன்னாள். வலது கால் தள்ளியது. இடது கால் பாதி தூரத்தில் நின்று நடுங்கியது. இன்னும் குறைத்தாள். அப்போதும் நடுங்கியது.

"இந்தக் கால்ல அடி எதுனா பட்டுச்சாக்கா?"

"ஒண்ணுமில்லியே."

"ஆளைத் தூக்கும்போது எப்படி நிப்பீங்க? நின்னு காட்டுங்க."

அம்சவள்ளி நான் உட்கார்ந்திருந்த பெஞ்சையே கட்டிலாக்கி நின்றாள். வலது கால் முன்னே, முழு பாரமும் அதன்மேல். அப்படியே நின்றபடி என்னைப் பார்த்தாள். எனக்கும் அதே நேரத்தில்தான் புரிந்தது.

எங்கள் தொழிலில் புது வீட்டுக்குப் போனதும் முதலில் கட்டிலைச் சுவரோடு தள்ளிவிடுவோம். நோயாளி அந்தப் பக்கம் விழ மாட்டார், அறையிலும் இடம் கிடைக்கும். நமக்குக் கை பழகின பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வோம். பயிற்சியில் இரண்டு பக்கமும் மாறி மாறி நிற்கச் சொன்னார்கள். அங்கே கட்டில் அறையின் நடுவில் கிடந்தது. ஏழு வீடுகள், பதினாறு வருடம், ஒரே பக்கம், ஒரே கால். எனக்கு வலது இடுப்பு தேய்ந்து வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. வயது என்று நினைத்திருந்தேன்.

"அப்ப கட்டிலை நகத்திப் போடு, தீந்துது. ஜிம்மு எதுக்கு?" என்றேன்.

"நகத்திப் போட்டா இனிமே கெடாதுக்கா. கெட்டுப்போனதை யாரு சரி பண்றது?"

"அப்ப மாசா மாசம் கட்டு" என்றேன். எங்கள் தொழிலில் யாரும் எதையும் வருடத்துக்குக் கட்டுவதில்லை. நோயாளி போனால் அன்றோடு வேலையும் போகும். பஸ் பாஸ்கூட மாதத்துக்குத்தான். "அவருக்கு எழுபத்தொம்பது ஆவுது வள்ளி."

"அவரு காலுக்கா கட்டறேன்? வீடு மாறினாலும் இந்தக் காலோடதானே போவப் போறேன்?"

"ஆடியில போய் புதுசா ஆரம்பிப்பாங்களா?"

"ஆவணியில ஆறாயிரத்துக்குத் தர மாட்டாங்கக்கா."

முழு வருடத்துக்கும் கட்டினாள். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் அஸ்வினி, "ஹவுஸ் ஒய்ஃப்னு போடட்டாக்கா?" என்று கேட்டாள்.

"நோயாளிப் பராமரிப்பாளர்னு போடு. இடம் பத்தலன்னா பக்கத்து கட்டத்துலயும் எழுது."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானும் விழுப்புரம் போனேன். தேக்குக் கட்டில், ஒருத்தியால் நகராது. சக்கரபாணியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கலைப்பிரியாவும் நாங்கள் இருவருமாகச் சுவரிலிருந்து இரண்டடி இழுத்தோம். பின்னால் ஒரு சீப்பும், அவர் விழுங்கியதாகச் சொன்ன நாலு மாத்திரைகளும் கிடந்தன.

"எதுக்கு இந்த பேஜாரு?" என்றார் அவர், மாத்திரைகளைப் பார்க்காதவர் போல. அம்சவள்ளி காரணத்தைச் சொன்னாள்.

"எங்க மண்டியில மூட்ட தூக்கறவன் தோளு மாத்திக்கினேதான் இருப்பான். இதுகூடவா தெரியாது?"

"மொதல்லயே சொல்றதுதானே?"

"நான் மூட்டைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவரை மறுபடி படுக்க வைத்து, புதிதாகத் தைத்த துணியை அடியில் விரித்தோம். அம்சவள்ளி கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். இடது காலை முன்னே ஊன்றினாள். காதுகளைப் பிடித்தாள்.

"அய்யா, திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்பினாள்.