ஷர்லி டீச்சரின் உண்ணிப் பரேடு

எங்கள் பள்ளியில் ஷர்லி டீச்சரைக் கண்டால் நழுவுகிறவர்கள் நிறையப் பேர். கண்ணில் பட்டால் ஏதாவது வேலையில் இழுத்துவிடுவார். எனக்கு ஓடத் தெம்பில்லாததால் பல வருடமாக அவரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறேன். முகத்துக்கு நேரே அவரை எவ்வளவோ திட்டியிருக்கிறேன். ஆனால் வேறு யாராவது என் எதிரில் அவரை ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும்.

அவர் வரலாறு எடுக்கிறார், நான் தமிழ். சாரணியர் படையும் அவர் பொறுப்புதான். பொங்கல் முடிந்ததும் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பெண்களை வல்லத்திராக்கோட்டைக்கு அப்பால் தைலமரக் காட்டை ஒட்டிய ஒரு மாந்தோப்புக்குக் கூட்டிப்போய், இரண்டு இரவு கூடாரத்தில் தங்கவைப்பார். கூட இன்னொரு ஆசிரியையும் போக வேண்டும் என்பது பள்ளியின் விதி. அந்த இன்னொருத்தி எப்போதும் நான்தான். மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாத ஒருத்தியைத் தேடிப்பிடித்துக் கூட்டிப்போவதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் படிப்புக்குக் குறைவைக்க மாட்டார்கள். டியூஷனுக்கு அனுப்புவார்கள், கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்புவார்கள். ஒரு ராத்திரி வெளியே தங்குவது என்றால் மட்டும் மாமன், சித்தப்பன் என்று ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். ஷர்லி டீச்சர் வீடு வீடாகப் போய், கொடுத்த காபியையெல்லாம் குடித்து, பேசிப் பேசித்தான் சம்மதம் வாங்குவார். அதனால் முகாமில் அவருக்கு எப்போதும் ஒரே பயம். "ஒரு புள்ளைக்கு ஒண்ணுன்னா போதும் பரிமளா. அதோட எல்லாப் புள்ளைக்கும் கதவைச் சாத்திருவாங்க" என்பார்.

பாம்புக்குக்கூட அவர் அவ்வளவு பயப்பட மாட்டார். உண்ணிக்குத்தான் பயம். அவருடைய அப்பா ஆவுடையார்கோவில் பக்கம் ஆடு வளர்த்தவர். ஆட்டின் காதுமடலில் உண்ணி பிடுங்குவதுதான் சின்ன வயதில் இவருக்குப் பள்ளி விட்டு வந்ததும் வேலை. அந்தப் பழக்கத்தில், முகாமுக்கு வருகிற பிள்ளைகளையும் அப்படியே பார்ப்பார்.

முழுக்கால் பேன்ட், அதன் நுனி சாக்ஸுக்குள். முழுக்கைச் சட்டை. கழுத்திலும் கையிலும் பூச்சி அண்டாத களிம்பு. தார்ப்பாய் விரிக்காமல் புல்லில் யாரும் உட்காரக் கூடாது. பேன்ட்டை சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு நடக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சாயங்காலம் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துக் குளித்து, உடுத்தியதைத் துவைத்துப்போட்டு, வேறு துணி மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு பரேடு. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருத்தி மற்றவளின் காது மடிப்பு, பிடரி, மயிர்க்கால், முழங்காலின் பின்பக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். மற்ற இடங்களை அவரவர் கூடாரத்துக்குள் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்ணிப் பரேடு என்று பெயர் வைத்தது நான். அவருக்குக் கோபமே வரவில்லை. அடுத்த நாளே நிகழ்ச்சி நிரலில் அப்படியே எழுதிவிட்டார்.

போன வருடத்துக்கு முந்திய வருட முகாமில் ஒருத்தியின் பிடரியில் உண்ணி ஒன்று கடித்துப் பிடித்திருந்தது. பக்கத்திலிருந்தவள் உடனே வைத்தியம் சொன்னாள்.

"மண்ணெண்ணெய் வச்சா விட்ரும் டீச்சர். எங்க மாட்டுக்கு அப்டித்தான் செய்வாங்க."

"அது மாடு. இவ ஒன்பதாம் வகுப்பு. மண்ணெண்ணெய் வச்சாலும் சுட்டாலும் அது வயித்துல இருக்கறத உள்ள கக்கிட்டுத்தான் விடும்" என்றபடி ஷர்லி டீச்சர் கூர்நுனி இடுக்கியை எடுத்தார். தோலை ஒட்டி உண்ணியின் வாயைப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுத்தார். முழுதாக வந்தது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எல்லோருக்கும் சொன்னார்: "இதாச்சும் கண்ணுக்குத் தெரியுது. கண்ணுக்கே தெரியாத பொடி ரகம் ஒண்ணு இருக்கு. கடிச்சா வலிக்காது, அரிக்காது. காய்ச்சல் மட்டும் பின்னாடி வரும்."

வந்தது. முகாம் முடிந்து இரண்டாவது வாரம் பிளெஸ்ஸி பள்ளிக்கு வரவில்லை. எட்டாம் வகுப்பில் நன்றாகப் பேசுகிற, எதற்கும் முதலில் கை தூக்குகிற பெண். காய்ச்சலாம். நான்காம் நாளும் வரவில்லை என்றதும் ஷர்லி டீச்சர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திருவரங்குளத்தில் இருந்த அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அவளுடைய அம்மா அடைக்கலமேரி வாசலிலேயே எங்களை நிறுத்தினார். கணவர் மலேசியாவில். இங்கே அண்ணன்மார் சொல்வதுதான் சட்டம்.

"சாதாக் காய்ச்சல்தான் டீச்சர். டாக்டர்ட்ட காட்டிட்டோம். மாத்திர குடுத்திருக்காங்க."

"கேம்ப் போயிட்டு வந்தத டாக்டர்ட்ட சொன்னீங்களா?"

அடைக்கலமேரி உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கயாச்சும் வெளிய போனீங்களான்னு கேட்டாரு. அண்ணன் பக்கத்துல இருந்துச்சு. கேம்புக்கு அனுப்புனதே அதுக்குப் பிடிக்கல. நான் இல்லன்னுட்டேன்."

உள்ளே போனோம். பிளெஸ்ஸி சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தாள். நெற்றி அனலாகக் கொதித்தது. அந்தப் பொடி ரகம் கடித்த இடம் கறுப்பாகப் பொருக்குத் தட்டுமாம்; உடம்பில் எங்காவது அப்படி இருக்கிறதா என்று ஷர்லி டீச்சர் கேட்டதற்கு இல்லை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஷர்லி டீச்சர் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, அவளையும் அவள் அம்மாவையும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தம், அப்புறம் அழுகை. வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"இருக்கு. இடுப்புல, எலாஸ்டிக் அழுத்துற எடத்துல. மிளகு அளவு."

எப்படிக் கடித்தது என்பதையும் பிளெஸ்ஸி சொல்லியிருந்தாள். தோப்பில் துணி காயப்போடும் கயிற்றைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டியிருந்தோம். தண்ணீர் கொண்டுவரும் டிராக்டர்காரர் அங்கேதான் வந்து நிற்பார். ஆண்பிள்ளை கண்ணில் படும்படி உள்ளாடையை எந்தப் பெண் காயப்போடுவாள்? சட்டை, பேன்ட்டை மட்டும் கயிற்றில் போட்டுவிட்டு, உள்ளாடையைக் கழிப்பறைக்குப் பின்னால் புதர்மேல் விரித்திருக்கிறார்கள். வீட்டிலும் அப்படித்தானே பழக்கம்? பிளெஸ்ஸி மட்டுமல்ல, இன்னும் சில பேரும் அதையே செய்திருக்கிறார்கள். காலிலிருந்து கழுத்துவரை காவல் போட்ட முகாமில், பூச்சி துவைத்த துணியோடு உள்ளே போய்விட்டது.

"புள்ளைங்க மேல தப்பில்ல. நான் கயித்தக் கட்டுன எடம் தப்பு" என்றார் ஷர்லி டீச்சர்.

அடைக்கலமேரியும் அவர் அண்ணனும் கூட வர, அன்றைக்கே பிளெஸ்ஸியைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். மருத்துவரிடம் அடைக்கலமேரியின் அண்ணன் பேச ஆரம்பிக்கும் முன்பே ஷர்லி டீச்சர் முந்திக்கொண்டார். "நான்தான் இந்தப் புள்ளைய தைலக்காட்டுப் பக்கம் கேம்புக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கதான் கடிச்சிருக்கு. இடுப்புல பொருக்கு இருக்கு, பாருங்க." அண்ணன் பார்த்த பார்வையில் நானாக இருந்தால் வந்த வழியே ஓடியிருப்பேன். இவர் நகரவில்லை. மருத்துவர் பார்த்தார், உண்ணிக் காய்ச்சல்தான் என்று சொல்லி ரத்தச் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார், சோதனை முடிவு வரக் காத்திராமல் மருந்தை ஆரம்பித்தார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் நுரையீரல்வரை போயிருக்கும் என்றார்.

தலைமையாசிரியைக்குச் செய்தி போனது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "சிகிச்சை ஆரம்பிச்சாச்சுல்ல. இதோட விடுங்க ஷர்லி. பேரண்ட்ஸ் குரூப்புல போட்டீங்கன்னா நாளைக்கு ஒருத்தரும் புள்ளைய அனுப்ப மாட்டாங்க. நீங்களே கட்டுன கேம்ப்ப நீங்களே கலைக்காதீங்க."

ஷர்லி டீச்சர் போனோடு மருத்துவமனைப் படியில் போய் உட்கார்ந்தார். அந்த முகாமுக்காக அவர் எத்தனை வாசல் ஏறி இறங்கினார் என்று எனக்குத் தெரியும். பிறகு பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் தன் குரலிலேயே பதிவுசெய்து அனுப்பினார். முகாமில் பூச்சி கடித்து ஒரு பிள்ளைக்கு உண்ணிக் காய்ச்சல் வந்திருக்கிறது, இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, கயிறு கட்டியதில் என் தவறு இருக்கிறது, உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலோ தலைவலியோ வந்தால் கடையில் மாத்திரை வாங்காமல் மருத்துவரிடம் போய் முகாமுக்குப் போனதைச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். அவ்வளவுதான்.

அன்று மாலை முழுக்க அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, என் பொறுப்புதாங்க" என்றே சொன்னார். எனக்குத்தான் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது. அந்த வாரமே இன்னொரு எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கும் காய்ச்சல் வந்தது. முதல் நாளே மருத்துவரிடம் போனார்கள், முகாமைச் சொன்னார்கள், அவள் படுக்கையில் விழாமலே தேறிவிட்டாள். பிளெஸ்ஸிக்கு மருந்து ஏறிய இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. கண்ணைத் திறந்ததும் பசிக்கிறது என்றாளாம்.

அந்த வருட மார்கழியில் பெற்றோர் கூட்டம். இந்த முறை முகாம் இல்லை என்று தலைமையாசிரியை அறிவித்தார். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஷர்லி டீச்சர் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. அப்போது அடைக்கலமேரி எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர், சேலைத் தலைப்பைப் பிடித்தபடியே பேசினார்.

"பெத்தவ நான். எங்க அண்ணனுக்குப் பயந்துக்கிட்டு டாக்டர்ட்டயே பொய் சொன்னேன். டீச்சரு தன் பேரு கெட்டாலும் பரவாயில்லன்னு உண்மையச் சொன்னாங்க. அதுனாலதான் எம்புள்ள இருக்கா. வேற யாரு அனுப்புறாங்களோ இல்லையோ, பிளெஸ்ஸி போவா. இந்தத் தடவ நானும் போறேன்."

அடுத்து வந்த தையில் முகாம் நடந்தது. பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். கயிற்றைக் கூடாரங்களுக்கு நடுவில், நல்ல வெயில் விழும் இடத்தில் ஷர்லி டீச்சர் கட்டினார். டிராக்டர்காரர் வர வேறு வழி, வேறு நேரம். அப்படியும் பிள்ளைகள் துவைத்த துணியை வாளியில் மூடிவைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து நெளிந்தார்கள். ஷர்லி டீச்சர் தன் வாளியைக் கொண்டுவந்து வைத்து, பாவாடை முதல் உள்ளாடைவரை எல்லாவற்றையும் உதறி உதறி, எல்லோரும் பார்க்கக் கயிற்றில் போட்டார். சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது. பிறகு பிளெஸ்ஸி வந்தாள். தன் துணிகளை அவருடையதற்குப் பக்கத்தில் காயப்போட்டாள். மேலே துண்டு போட்டு மூடவில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் வாளியை எடுத்துவரப் போனேன்.