பள்ளிக்கூடத்தைத் தூக்கிய ஞாயிறு

மெர்கோங்கில் இருக்கும் என் கொழுந்தன் வீட்டுக்கு எப்போது போனாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். பள்ளிக்கூடத்தை இடம் மாற்றியது தீபாவளி கழிந்து என்பார் அவர். இல்லை. மலாய் நாடு விடுதலை பெறுவதற்கு முந்திய ஆண்டு, தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நடுவில். ரப்பர் மரங்கள் அப்போது இலை உதிர்த்து நின்றன. காலடியில் சருகு நொறுங்கியது. பெண்டாங் பக்கத்து மலாய்க்காரர்கள் நெல் அறுத்து முடித்து ஓய்வாக இருந்தார்கள். அந்த நாளில் கெடாவில் ஆண்டுக்கு ஒரு போகம்தான். தீபாவளிச் சமயத்தில் இந்த வேலைக்கு அவர்களை வயலைவிட்டு யாரும் கூட்டி வந்திருக்க முடியாது.

எங்கள் தோட்டத்தில் ‘தூக்குறது’ என்றால் அது வாலிபர்களுடைய காரியம். பழைய லாரி அச்சின் இரு முனையிலும் மண்ணெண்ணெய் டின்னில் சிமெண்டு வார்த்து மாட்டி, சாயங்காலம்தோறும் கோயிலுக்குப் பின்புறம் பளு தூக்கினார்கள். கொழுந்தன்தான் அந்தக் குழுவுக்குத் தலைவர். பெண்களாகிய நாங்கள் மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறி, சேர்த்த ரப்பர் பாலை, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளியாகத் தொங்கவிட்டு, தோளில் சுமந்து, மேடு பள்ளம் ஏறி இறங்கி ஸ்டோர்வரை கொண்டுபோனோம். அதற்குப் பெயர் பால் எடுப்பது. தண்ணீரும் விறகும் அப்படித்தான், எடுப்போம். தூக்குவது ஆண்கள்.

அந்த ஆண்டுதான் என் மகள் முதல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் என்பது கிழட்டு மரங்களுக்கு நடுவே ஒரே அறை கொண்ட பலகைக் கொட்டகை. புதிதாக வந்த துரை அந்த மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்ய உத்தரவு போட்டார். கொட்டகையைப் பிரித்துவிடலாம், பிள்ளைகள் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கு நடக்கட்டும் என்றார். நடுவில் ஓர் ஆறு. அதன்மேல் ஒற்றை மரப்பாலம். பையன்களை அனுப்புவதாகப் பெற்றோர் சொன்னார்கள். பெண்பிள்ளைகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

“பொம்பளப் புள்ளதானே, கொஞ்ச நாளு வூட்ல இருக்கட்டும்,” என்றார் என் கணவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நானும் அப்படிக் ‘கொஞ்ச நாள்’ வீட்டில் இருந்தவள்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகே வாய்த்தது.

எங்களுக்காகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி போய் துரையிடம் பேசினார். மரம் சாய்க்கும் ஆட்கள் வருவதற்குள் கொட்டகை அங்கிருந்து போய்விட்டால், நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்துத் திடலில் அது நிற்பதில் துரைக்கு மறுப்பில்லை. தச்சர் வந்து பார்த்தார். பலகை முனைகளைக் கரையான் தின்றிருந்தது. ஆணியைப் பிடுங்கினால் மிஞ்சுவது விறகுதான் என்று சொல்லிவிட்டார்.

சைக்கிளில் கருவாடும் காய்கறியும் கொண்டுவரும் மலாய்க்காரர் ஒருவர் உண்டு. சித்தப்பா முறை வைத்து பாக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் இதைக் கேட்டுச் சிரித்தார். அவர்கள் கிராமமான கம்பத்தில் வீட்டுக்கு இடம் பிடிக்காவிட்டால் முழு வீட்டையும் தூக்கிக்கொண்டு போவார்களாம். அங்காட் என்றார், அவ்வளவுதான். பிற்பாடு மலாய் அகராதி வாங்கியதும் நான் தேடிப் பார்த்த முதல் சொல் அது. கொடியில் காய்ந்த துணியை எடுப்பதும், பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்பதும், ஒருவரைப் பதவியில் அமர்த்துவதும், வீட்டைத் தூக்குவதும் அவர்களுக்கு அந்த ஒரே சொல். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று அதில் பங்கு பிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாக்சிக் தன் ஆட்களோடு வந்தார். முந்தின நாளே கூரையின் அத்தாப்பு ஓலையை இறக்கியிருந்தோம். தூண்களைச் சுற்றிலும் தோள் கொடுக்க மூங்கில் கட்டினார்கள். பளு தூக்கும் வாலிபர்கள் நான்கு மூலையிலும் நின்றார்கள். பெண்களைத் தண்ணீர்க் குடத்தோடு ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

பாக்சிக் மூன்று எண்ணி “அங்காட்” என்றார். வாலிபர்கள் இரும்பைத் தூக்குகிற பழக்கத்தில் ஒரே மூச்சில் எழுந்து நிமிர்ந்தார்கள். ஒரு மூலை முழங்கால் உயரம் போய்விட்டது. எதிர்மூலை, தூண் நின்ற கல்லைவிட்டுக் கிளம்பவே இல்லை. கொட்டகை சாய்ந்து, மேல்சட்டம் ஒன்று விரிசல் விட்டது. இறக்கினார்கள். கணுக்கால் உயரம் போதும், பிறகு நடக்க வேண்டும் என்று பாக்சிக் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் முறை சமமாகத்தான் எழுந்தது. ஆனால் ஆளுக்கொரு நடை. நாலைந்து அடிக்குள் சுவர் ஊஞ்சல்போல ஆடியது. மறுபடி இறக்கினார்கள். கொழுந்தனுக்குத் தோள் உரிந்திருந்தது.

“பிரிச்சிருவோம். வேற வழியில்ல,” என்றார் அவர். என் கணவரும் தலையாட்டினார். தச்சர் கடப்பாரையை எடுக்கப் போனார்.

நான் குடத்தை வைத்துவிட்டு மூங்கிலருகே போனேன். “தள்ளி நில்லு தம்பி.”

“அண்ணி, இது பால் வாளி இல்ல. பள்ளிக்கூடம்.”

“வாளிய எவ்ளோ ஒசரம் தூக்குனேன்னு ஸ்டோர்ல எவனாச்சும் கேட்டானா? சிந்தாம வந்துச்சான்னுதான் கேக்குறான்.”

எனக்கு அடுத்த நிரையில் பால்மரம் வெட்டும் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். “ஒங்க சிமெண்டு டின்னு நின்ன எடத்துலயே நிக்கும் தம்பி. அதுக்கு நடக்கத் தெரியாது.”

வாலிபர்களே சிரித்துவிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தை வைத்தார்கள். பாக்சிக் எங்கள் தோள்களைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் உயரம் பார்த்து வரிசையாக நிறுத்தினார். இரண்டு பெண்களுக்கு நடுவே ஓர் ஆண். ஆண்களுடைய பலம் இல்லாமல் கொட்டகை ஓர் அங்குலம்கூட எழும்பியிருக்காது. அதையும் எழுதி வைப்பதுதான் நியாயம்.

இம்முறை மெல்ல எழுந்தோம். அக்கா மூங்கிலில் உள்ளங்கையால் தட்டித் தாளம் கொடுத்தார். முழங்காலைத் தளர்த்தி, குட்டை அடியாக, ஆட்டத்தையெல்லாம் இடுப்பில் வாங்கிக்கொண்டு நடப்பது எங்கள் தினசரி நடை. நடுவில் நின்ற ஆண்கள் எங்கள் காலைப் பார்த்தே அடி வைத்தார்கள். மழைநீர்க் கானின்மேல் போட்ட பலகையில் ஏறும்போதுதான் எனக்கு மூச்சு முட்டியது. உள்ளே கழற்றாமல் விட்ட கரும்பலகை சுவரில் ஒருமுறை இடித்தது, பிறகு அடங்கிவிட்டது. திடலில் கற்களின்மேல் தூண்கள் உட்கார்ந்தபோது யாரும் ஆரவாரம் செய்யவில்லை. எல்லாருக்கும் தோள் எரிந்தது. கொழுந்தன் ஒரு குடத்தைத் தூக்கிவந்து எங்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினார், எனக்குத்தான் முதலில். வாங்கிக் குடித்தேன். அன்றைய நாளில் எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை தேவைப்படவில்லை.

மறுநாள் கூரையில்லாமலே வகுப்பு நடந்தது. பகல் பொழுதில், வறட்சிக்குப் பின் முதல் மழை பிடித்துக்கொண்டது. மகள் சிலேட்டைத் தலைமேல் பிடித்தபடி நனைந்து வந்து வாசலில் நின்றாள்.

“சார் வூட்டுக்குப் போகச் சொல்லிட்டாரும்மா. நான் பள்ளியிலயே இருக்கேன்னுதான் சொன்னேன்.”

உள்ளே படுத்திருந்த என் கணவர் எழுந்து வெளியே வந்தார். தாழ்வாரத்தில் கிடந்த, பள்ளிக்கூடத்திலிருந்து இறக்கிய அத்தாப்புக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு மழையிலேயே திடலைப் பார்த்து நடந்தார். நான் துணி எடுத்து வருவதற்குள், தலையைத் துவட்டக்கூட நிற்காமல், மகள் அவர் பின்னால் ஓடினாள்.